சுருளி வண்டியின் முன் சீட்டு

ஓட்டுகிறவன் திருப்பிய பக்கம் வண்டி திரும்பி, மிதித்த இடத்தில் வண்டி நின்று, மலையும் ரோடும் அதனதன் சோலியைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், போடிக்கு மேலே கரடிச்சோலையில் சென்றாயன் என்று ஒரு ஜீப்காரன் இருந்தான். அவனுக்கு ஒரு ஜீப்பும், ராமுத்தாய் என்று ஒரு பெண்டாட்டியும், வயிற்றுக்குள் அணையாத ஒரு அடுப்பும் இருந்தன. ஜீப்பு அப்பன் கொடுத்தது, பெண்டாட்டி அவளாகப் பார்த்து வந்தது, அடுப்பு மட்டும் அவனாக மூட்டிக்கொண்டது.

அந்த அடுப்புக்கு விறகு சுருளிவேல். ராமுத்தாயின் தாய்மாமன் மகன், அவளைக் கட்ட உரிமைப்பட்டவன், அவனும் ஜீப்காரன்தான். கல்யாணப் பேச்சு வந்த அன்றைக்கு அவள் எல்லார் முன்னாலும் "எனக்குச் சென்றாயன்தான்" என்று சொல்லிவிட, சுருளி முகம் கோணாமல், மீசை துடிக்காமல், "அதுக்கென்ன, நல்லா இருக்கட்டும்" என்று சொன்னதோடு நிற்காமல், கல்யாணப் பந்தியில் இலை போட்டு, சோறு வைத்து, மாப்பிள்ளைக்கு ரெண்டாவது தடவை ரசமும் ஊற்றினான். அவன் அன்றைக்கு ரெண்டு அடி அடித்திருந்தால் சென்றாயன் நிம்மதியாக இருந்திருப்பான். சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தவனை என்னதான் செய்ய முடியும், சொல்லுங்கள். அந்த ரசம் சென்றாயனுக்கு இன்னும் செரிக்கவில்லை.

கரடிச்சோலைக்கு ஜீப்பை விட்டால் வேறு வழி கிடையாது. ரோடு என்று பெயர்தான், உருண்டு கிடப்பதெல்லாம் கல்லு. அதில் மாமியார் வளைவு என்று ஒன்று உண்டு. எவ்வளவு பணிந்து போனாலும் ஒரே தடவையில் திரும்ப விடாது, ரெண்டு தடவை பின்னால் வந்து, ஒடித்து, பல்லைக் கடித்து, அப்புறம்தான் போக விடும், அதனால் அந்தப் பெயர். பழைய ஜீப்புகளில் ஸ்டியரிங்கைத் திருப்பத் தோள் இற்றுப்போகும். பிரேக்கோ டிரம் பிரேக், மழைத்தண்ணி உள்ளே போனால் மூணு மிதி மிதித்தாலும் பிடிக்காது, பிடித்தாலும் வண்டியை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு பாறையைப் பார்த்துப் போகும். சென்றாயன் வண்டியும் அப்படி, சுருளி வண்டியும் அப்படி. ஒரே கஷ்டத்தை ரெண்டு பேரும் பட்ட வரைக்கும் அடுப்பு கங்காகத்தான் கிடந்தது.

ஒரு ஆவணி மாதம் சுருளி போடிக்கு இறங்கிப் போய், ஜமால் பாய் பட்டறையில் வண்டியை விட்டு, முன் ஆக்சிலையே கழற்றிப் போட்டுவிட்டு, வேறொரு பெரிய வண்டியின் ஆக்சிலை மாட்டி, டிஸ்க் பிரேக் வைத்து, பவர் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொண்டு வந்தான். வந்தவன் மாமியார் வளைவை ஒரே தடவையில், ஒற்றைக் கையில், சீட்டி அடித்துக்கொண்டே திரும்பினான். டீக்கடைப் பேச்சி அந்த வண்டியில் வந்தவள், இறங்கினதும் இறங்காததுமாக, "ஆத்தாடி, மடியில வச்ச தூக்குவாளியில மோரு தளும்பலடி!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். அவ்வளவுதான், தூக்குவாளி வைத்திருந்தவர்கள், வைத்திருக்காதவர்கள், வயிற்றில் பிள்ளை இருந்தவர்கள், முதுகுவலிக்காரர்கள், எல்லாரும் சுருளி வண்டிக்குக் காத்துக் கிடந்தார்கள். சென்றாயன் வண்டி ஸ்டாண்டில் வெயில் காய்ந்தது.

அன்றைக்குச் சாப்பிடும்போது ராமுத்தாய் வெஞ்சனம் வைத்துக்கொண்டே, "சுருளி மச்சான் வண்டியில போனா தூக்கமே வருதாம்ல" என்றாள். முறைக்கு மச்சான்தான், மச்சானை மச்சான் என்று சொல்லாமல் பின்னே சித்தப்பா என்றா சொல்வாள்? ஆனால் சென்றாயன் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டான்.

"தூங்கறதுக்கு வீட்டுல பாயி இல்லையாக்கும்?" என்றான்.

"நல்ல மனுசன்யா நீங்க" என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு யாருக்கு என்று யோசித்து யோசித்தே அவன் கை கழுவினான்.

அடுத்த வீட்டுக்காரி பிள்ளை பெற்றாளென்று அம்மிக் குழவியை எடுத்து வயிற்றில் குத்திக்கொண்டாளாம் ஒருத்தி. சென்றாயன் மறுநாள் வெள்ளெனவே ஜமால் பாய் பட்டறையில் போய் நின்றான்.

"பாய், சுருளிக்குப் போட்ட மாதிரியே எனக்கும் போடணும்."

"போட்டுருவோம். அதவிட நல்ல சாமான் ஒண்ணு வந்திருக்கு, பாக்குறீங்களா?"

"அதவிட நல்லது வேணாம் பாய். அவன் வண்டியில இருக்கறதுதான் வேணும். ஒரு திருகாணி கூட மாறக் கூடாது."

ஜமால் பாய் வாயிலிருந்த ஸ்பேனரை எடுத்துவிட்டு அவனை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். "ஆசைப்படுறது தப்பில்ல தம்பி, அடுத்தவன் அளவக் குடுத்து ஆசைப்படுறதுதான் ஆகாது" என்று சொல்லிவிட்டுக் குனிந்து வேலையைப் பார்த்தார். வேலை என்னமோ சுத்தமான வேலை. அதே ஆக்சில், அதே பிரேக், அதே ஸ்டியரிங்.

சென்றாயன் வண்டியைக் கொண்டுவந்து சேர்த்தபோது ஆயுத பூஜை வந்துவிட்டது. கரடிச்சோலையில் ஆயுத பூஜைக்கு ஜீப்புகள் எல்லாம் கருப்பன் கோயில் முன்னால் வரிசையாக நிற்கும்; பூசாரி மஞ்சள் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழமாக வைத்துச் சூடம் காட்டுவார்; வண்டி அதை நசுக்கிக்கொண்டு போனால் பட்ட கண்ணெல்லாம் அதோடு போச்சு. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்பதற்கு ஏற்பாடு. பழம் முழுக்க ராமுத்தாய் கொல்லை மரத்துப் பழம்தான். பூசாரி தட்டிலிருந்து கைக்கு வந்ததை எடுத்து வைத்துக்கொண்டே போனார். சென்றாயன் தன் முன் சக்கரத்தைப் பார்த்தான், சோப்ளாங்கியாக ரெண்டு பழம். பக்கத்தில் நின்ற சுருளி வண்டியின் முன் சக்கரத்தைப் பார்த்தான், கோழிமுட்டை கணக்காக ரெண்டு பழம். என் வீட்டு மரம், என் பெண்டாட்டி பறித்தது, நல்லது அவனுக்கா என்று நெஞ்சு கொதித்துப்போய், பூசாரி சூடம் பொருத்தத் திரும்பிய நேரத்தில் குனிந்து, நாலு பழத்தையும் மாற்றி வைத்துவிட்டான். சக்கரத்துக்கென்று வைத்த பழத்தைத் தொடக் கூடாது என்பது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். பேச்சி பார்த்தாள், இன்னும் நாலு பேர் பார்த்தார்கள், பழத்தில்கூடவா என்று வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

சூடம் அணைந்தது, வண்டிகள் கிளம்பின, பழங்கள் நசுங்கின. சென்றாயன் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினான். சுருளி வண்டி வலப்பக்கம் திரும்பிற்று. சுருளி திருப்பினான், சென்றாயன் வண்டி திரும்பிற்று. சுருளி பதறிப்போய்ப் பிரேக்கை மிதிக்க, சென்றாயன் முன் கண்ணாடியில் போய் மோதிக்கொண்டு நின்றான். சுருளி வண்டியோ நிற்காமல் பேச்சி கடைப் பந்தலுக்குள் போய்க்கொண்டிருந்தது. "யோவ் சென்றாயா, நீ மிதிய்யா!" என்று பேச்சி போட்ட கூச்சலில் சென்றாயன் மிதித்தான், சுருளி வண்டி பாய்லருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

கரடிச்சோலை ஆட்கள் கூடி நின்று பார்த்தார்கள். பேச்சிதான் முதலில் கணக்கை முடித்தாள். போகிறது அவனவன் காலில் இருக்கிறது, திரும்புகிறதும் நிற்கிறதும் அடுத்தவன் கையில் இருக்கிறது. "பழத்த மாத்துனா வேறென்ன ஆகும்?" என்று சொல்லிவிட்டு அவள் டீ ஆற்றப் போய்விட்டாள். பூசாரியைக் கேட்டதற்கு, அடுத்த ஆயுத பூஜையில் அவனவன் பழத்தை அவனவன் நசுக்கினால் சரியாகிவிடும், நடுவில் கருப்பனைத் தொந்தரவு பண்ண முடியாது என்றார். ஜமால் பாய் மலையேறி வந்து, சாக்கை விரித்து ரெண்டு வண்டிக்கும் அடியில் படுத்துப் பார்த்து, எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "ஸ்டியரிங் திருப்புது, பிரேக் புடிக்குது, என் வேலையில கொறையில்ல. எந்த வண்டிய திருப்புதுங்கறது உங்க ஊரு விவகாரம்" என்று சொல்லி, டீ குடித்துவிட்டு இறங்கிப் போனார்.

ஒரு வருசம் வண்டியை நிறுத்த முடியுமா? மிளகு இறங்க வேண்டாமா, அரிசி ஏற வேண்டாமா? ஆகவே ஊர் கூடி ஒரு முறை வகுத்தது. ரெண்டு வண்டியும் சேர்ந்தே கிளம்ப வேண்டும், சேர்ந்தே வர வேண்டும். ஒருத்தனுக்குக் காய்ச்சல் என்றால் ரெண்டு பேரும் படுத்துக்கொள்ள வேண்டும். முன்னால் சுருளி போவான், அவன் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியைப் பார்த்துப் பின்னால் வரும் சென்றாயன் வண்டியைத் திருப்புவான். பின்னால் வரும் சென்றாயன் நேராகப் பார்த்து முன்னால் போகும் சுருளி வண்டியைத் திருப்புவான். கண்ணாடியைப் பார்த்து வளைவு திரும்புவது லேசுப்பட்ட காரியமா? சுருளி ஒரு வாரத்தில் பழகிக்கொண்டு மறுபடியும் சீட்டி அடிக்க ஆரம்பித்தான். பிள்ளைகள் ஜீப் விளையாட்டு விளையாடும்போதுகூட ஜோடி ஜோடியாகத்தான் ஓடின. புதுசாகக் கட்டிக்கொண்டவர்களை வாழ்த்தும்போது, "சுருளி வண்டியும் சென்றாயன் வண்டியும் மாதிரி இருங்க" என்று சில பெரிசுகள் சொல்லத் தொடங்கியதைக் கேட்டுச் சென்றாயன் காறித் துப்பினான்.

இதிலும் ஒரு வினை வந்து சேர்ந்தது. ஊர் சனம் எல்லாம் சென்றாயன் வண்டியில் ஏறிற்று. உள்ளே இடமில்லாமல் பின்னால் தொங்கிற்று, பானட்டில் குந்திற்று. முதல் நாள் சென்றாயனுக்குத் தலைகால் புரியவில்லை, மீசையை நீவிக்கொண்டான். வண்டி போடியில் நின்றதும் இறங்கிய சனம் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் முன்னால் நின்ற சுருளியிடம் போய், "நல்லா ஓட்டுன சுருளி, அலுங்கல குலுங்கல" என்று சொல்லிவிட்டுப் போயிற்று. சென்றாயன் வண்டியைத் திருப்புகிற கை சுருளி கையல்லவா! சுருளி வண்டியைத் திருப்புகிறதோ சென்றாயன் கை. அதில் ஏற ஒரு ஈ காக்கை கிடையாது. கல்யாண வீட்டில் மாலையைப் போட்டுக்கொண்டு நின்றாலும் மாப்பிள்ளை வேறொருத்தன் என்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவனுக்கு. வண்டி நிறைய நிறைய அவன் வயிறு எரிந்தது.

அப்போதுதான், அந்தக் காலி வண்டியின் முன் சீட்டில், ராமுத்தாய் மிளகு மூட்டையோடு போய் ஏறி உட்கார்ந்தாள்.

ஒரு நாள் ஏறினாள், போகட்டும் என்று இருந்தான். மறு சந்தைக்கும் ஏறினாள். அதற்கடுத்த சந்தைக்கும் அவள் கால் நேராகச் சுருளி வண்டிக்குத்தான் போயிற்று. அவன் வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்டால், அவள் ஏதாவது பதில் சொல்லிவிட்டால், அந்தப் பதிலோடு எப்படிக் குடும்பம் நடத்துவது? கேட்காமல் இருந்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். பார்க்காமலும் இருக்க முடியாது, பாருங்கள் அந்தக் கொடுமையை. அவன் ஓட்டுகிற வண்டி அதுதானே, ஒரு கணம் கண்ணை எடுத்தால் வண்டி பள்ளத்தில் கிடக்கும். மலை உச்சியிலிருந்து போடி வரைக்கும், போடியிலிருந்து உச்சி வரைக்கும், கண்ணைச் சிமிட்டாமல், பெண்டாட்டியின் பின்னந்தலையையும், கொண்டையில் அவன் வாங்கிக் கொடுத்த கனகாம்பரத்தையும், பக்கத்தில் சுருளியின் சீவி வாரிய தலையையும், அவள் திரும்பித் திரும்பி அவனிடம் என்னமோ பேசுவதையும் பார்த்துக்கொண்டே, கல்லுக்குக் கல்லு ஒதுக்கி, குழிக்குக் குழி தாங்கி, அந்த வண்டியை அவன் பூப்போல ஓட்டினான். அவளுக்கு இடுப்பில் சுளுக்கு. அலுங்கினால் வலிக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

"சென்றாயா, உன் வண்டியில காத்து நல்லா வருதுப்பா" என்பாள் பின்னால் உட்கார்ந்திருக்கும் பேச்சி, "ஆனா புகைச்சல் வாடையும் வருது, எங்கிருந்துன்னுதான் தெரியல."

பங்குனிச் சந்தைக்குப் போகிற அன்று மலை முழுக்க மேகம் இறங்கிக் கிடந்தது. மாமியார் வளைவு வருகிறது. சென்றாயன் கையை இறுக்கிக்கொண்டு பார்க்கிறான். முன் வண்டியில் ராமுத்தாய் ஆரஞ்சு ஒன்றை உரித்தாள். ஒரு சுளையை எடுத்தாள். சுருளி பக்கம் திரும்பி, அதை அவன் வாயில் வைத்தாள்.

சென்றாயனுக்குக் காது அடைத்துப்போயிற்று. என் கையால் ஓட்டுகிற வண்டியில், என் கண் முன்னால், என் பெண்டாட்டி அவனுக்கு ஊட்டுகிறாளா? எதுவும் செய்ய வேண்டாம், அடிக்க வேண்டாம், பிடிக்க வேண்டாம். வளைவு வந்துவிட்டது, திருப்பாமல் இருந்தால் போதும். அவன் ஸ்டியரிங்கிலிருந்து ரெண்டு கையையும் எடுத்தான்.

சுருளி வண்டி நேராகப் போயிற்று. ரோடு இடப்பக்கம் ஒடிய, வண்டி மேகத்தைப் பார்த்துப் போயிற்று. பின்னால் சனம் அலறியது. சுருளி கண்ணாடியில் பார்த்தான், சென்றாயனின் வெறுங்கை ரெண்டும் அந்தரத்தில் நிற்பதைப் பார்த்தான், பார்த்தும் தன் ஸ்டியரிங்கை விடாமல், ஊர் சனம் இருக்கும் சென்றாயன் வண்டியை வளைவுக்குத் தக்கன இடப்பக்கம் ஒடித்துக் கொண்டுவந்தான். ராமுத்தாய் திரும்பிப் பார்க்கவில்லை. கத்தவில்லை. கம்பியைப் பிடிக்கக்கூட இல்லை. அடுத்த சுளையிலிருந்து நாரை உரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கொண்டை, அந்தக் கனகாம்பரம், அவனையே நம்பி அப்படி அசையாமல் பள்ளத்தைப் பார்த்துப் போவதைப் பார்த்ததும் சென்றாயன், "அய்யோ கருப்பா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டே பிரேக்கில் ஏறி நின்றான்.

டிஸ்க் பிரேக் பிடித்தது, சும்மா சொல்லக் கூடாது, ஜமால் பாய் வேலை. சுருளி வண்டியின் ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றி ஓய்ந்தது. அதே நேரம் சுருளி மிதித்த மிதியில் சென்றாயன் வண்டி பாறையோரம் பத்திரமாக நின்றது.

சுருளி இறங்கி வந்தான். முகத்தில் சிரிப்பைக் காணோம். கல்யாணப் பந்தியில்கூட இருந்த சிரிப்பு இப்போது இல்லை.

"அண்ணே, ஒங்க வண்டியில ஊரே இருந்துச்சு. நானும் கையை எடுத்திருந்தா?" என்றான்.

சென்றாயன் வண்டியை விட்டு இறங்கினான். ராமுத்தாய் சேலையை ஒதுக்கிக்கொண்டு, சாய்ந்து நின்ற வண்டியிலிருந்து நிதானமாக இறங்கி நடந்து வந்தாள்.

"கைய எடுத்தீகளா?"

"எடுத்தேன்" என்றான். "அவனுக்கு ஊட்டுனல்ல நீ. எந்நேரமும் அவன் வண்டியிலதான ஏறுற. என்னைய எதுக்குடி கட்டுன?"

"ஊட்டத்தான் செஞ்சேன். கண்ணாடிய விட்டுக் கண்ண எடுக்க முடியல, ஸ்டியரிங்க விட்டுக் கைய எடுக்க முடியல, நாக்கு வறளுதுன்னாரு. ஒங்க வண்டி பத்திரமா வரணுமேன்னுதான அவரு பச்சத்தண்ணி குடிக்காம வாராரு?" அவளுக்கு மூச்சு வாங்கியது, கண்ணில் தண்ணீர் முட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை. "அவன் வண்டி, அவன் வண்டிங்கறீகளே? இந்த ஊரு சனம் பூராம் சுருளி மச்சான் கைய நம்பி ஒங்க வண்டியில ஏறுது. அது ஒங்களுக்கு வெளங்குது. நான் யாரு கைய நம்பி அந்த வண்டியில ஏறுறேன்னு மட்டும் இந்தப் புத்திக்கு வெளங்கலயா?"

வண்டிக்குள்ளிருந்து பேச்சி, "அட கூறுகெட்ட மனுசா" என்று மெதுவாகச் சொன்னாள்.

ராமுத்தாய் திரும்பி நடந்தாள். ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்குகிற அதே வண்டியில், அதே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, "இப்ப எடுங்க பாப்போம்" என்றாள். சுருளியும் ஏறினான். அவன் வண்டியைப் பின்னால் எடுக்க, சென்றாயன் ரெண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, கண்ணை மறைத்த தண்ணீரைத் தோளில் துடைத்துத் துடைத்து, விரற்கடை விரற்கடையாக அந்த வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவந்தான். சந்தைக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. கருப்பன் கோயில் முன்னால் ஜீப்புகள் வரிசையில் நின்றன. பூசாரி கைக்கு வந்த பழத்தை வைத்துக்கொண்டே போனார். இந்தத் தடவையும் பாருங்கள், பெரிய பழம் சுருளி சக்கரத்துக்குத்தான் விழுந்தது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு சென்றாயனைப் பார்த்தது. அவனுக்குத் தெரியும், பழம் அதனதன் இடத்தில் நசுங்கினால் நாளையிலிருந்து சனம் முழுக்கச் சுருளி வண்டிக்கு மாறிவிடும், இந்த வண்டி பழையபடி வெயில் காயும். மாற்றினால் இன்னும் ஒரு வருசத்துக்குக் கூட்டம் பிதுங்கும். வயிறு எரியத்தான் செய்தது, எரியாமல் என்ன? அடுப்பு ஒரு நாளில் அணைகிற அடுப்பா அது? ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சூடம் அணைகிற வரைக்கும் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பழங்கள் நசுங்கின. திருப்பினவன் வண்டி திரும்பியது, மிதித்தவன் வண்டி நின்றது. மறுநாள் காலையில் சனம் முண்டியடித்துக்கொண்டு சுருளி வண்டியில் ஏறிற்று. சென்றாயன் வண்டியில் பின்னால் ஒரு ஆள் இல்லை, பானட்டில் ஒரு கோழி இல்லை. ராமுத்தாய் மிளகு மூட்டையைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

பாதி மலை இறங்குவதற்குள் வண்டி ஏழெட்டுக் குழியில் விழுந்து எழுந்துவிட்டது. அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "என்னய்யா ஓட்டுறீக? முன்னாடி வண்டியில நான் போறப்ப பூ மாதிரி ஓட்டுனீகளே. பக்கத்துல வந்து ஒக்காந்ததும் கை மறந்துபோச்சா?" என்றாள்.

"அப்ப ஒன்னையப் பாத்துக்கிட்டே ஓட்டுனேன் புள்ள" என்றான் சென்றாயன். "இப்ப ரோட்டயில்ல பாக்க வேண்டியிருக்கு."